பாசி கட்டிய ஏரிகள்

ஐரோப்பாக் கண்டத்தின் தென்கிழக்கே, ஏட்ரியாட்டிக் கடலின் கரையில் குரோஷியா என்னும் தேசம் இருக்கிறது. ஜனத்தொகை 40 லட்சத்துக்கும் குறைவு. இச்சிறு தேசத்தார் தங்கள் நாட்டின் செல்வங்களில் முதன்மையாக எண்ணிப் போற்றுவது பிளிட்விட்ஸே என்ற ஏரிகளை. கோடை விடுமுறையில் என் மனைவியும் நானும் அந்த ஏரிகளைக் கண்டு வந்தோம். நெடுநாளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த பணத்தில் நாங்கள் மேற்கொண்ட முதல் வெளிநாட்டுப் பிரயாணம் அது.

புறப்படுகையில் என் மனைவி பெட்டிக்குள் திருகுமூடி போட்ட ஒரு சின்னஞ்சிறு செப்புச் செம்பை வைத்தாள். எங்கள் வீட்டுப் பூஜை மாடத்தில் காசியிலிருந்தும் ராமேசுவரத்திலிருந்தும் குற்றாலத்திலிருந்தும் வந்த தீர்த்தச் செம்புகள் வரிசையாக இருக்கின்றன. "எந்த ஊராயிருந்தால் என்ன? தண்ணீர் தண்ணீர்தானே!" என்றாள். நானும் ஆட்சேபிக்கவில்லை.

தலைநகரமாகிய ஸாக்ரெப்பிலிருந்து தெற்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர் மோட்டார் பஸ்ஸில் போக வேண்டும். வழியெல்லாம் பசும்புல் தரைகளும் சிவந்த ஓட்டு வீடுகளும் குன்றுகளுமாக இருந்தன. பிறகு பீச் மரங்களும் தேவதாரு இனத்து மரங்களும் அடர்ந்த காடு வந்தது. அக்காட்டில் கரடியும் ஓநாயும் இன்றும் உலாவுகின்றன. ஏறக்குறைய 300 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமுள்ள இப்பிரதேசம் 1949ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் தேதி தேசீயப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 1979இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் ஜாபிதாவில் இடம் பெற்றது.

முதல் நுழைவாயிலைக் கடந்து சில அடிகள் வைத்ததும் இருவரும் வாயடைத்து நின்றோம். காலடியில் கிடுகிடு பள்ளம். பள்ளத்தின் அடியில் பச்சையும் நீலமும் கலந்த நீர் நிலைகள். எதிர்ப்புறத்துப் பாறையிலிருந்து வெள்ளை வஸ்திரம் போல் வீழும் அருவி. அதற்கு 'வெலிக்கி ஸ்லாப்' என்று பெயர்; பொருள் 'பெரிய அருவி' என்பதே. உயரம் 78 மீட்டர். குரோஷியாவிலேயே மிக உயர்ந்த அருவி அதுதான்.

பெயரிட்டு வழங்கும் ஏரிகள் 16; மேல் ஏரிகள் 12, கீழ் ஏரிகள் 4. படிக்கட்டு வைத்தாற்போல் ஒன்றின் கீழ் ஒன்றாக அமைந்திருக்கின்றன. மேலே உள்ளது கடல் மட்டத்துக்கு 636 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடைசி ஏரி 503 மீட்டரில் இருக்கிறது. ஒவ்வோர் ஏரியும் நிறைந்து வழிந்து அடுத்த ஏரியில் விழுகிறது. கடைசியில் அந்த நீரும் பெரிய அருவியின் நீரும் கலந்து கோரானா என்ற நதியாகப் புறப்படுகின்றன.

இத்தனை அணைகளையும் கட்டிய கொத்தன் யார்? பாசிதான்! வியப்பாக இருக்கிறதல்லவா? மழை நீர் மண்ணில் ஊறும்போது அங்குள்ள கரியமில வாயுவை ஏற்கிறது. அதன் பலத்தால் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு ஊற்றாக வெளிவருகிறது. பாறைகளில் மோதிச் சிதறுகையில் வாயு பிரிந்துபோகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு வெளிப்பட்டுப் பாசியின் மேல் படிகிறது. அடிப்பாகம் கல்லாக இறுக, நுனி மேலும் வளர்கிறது. அதன்மேல் மீண்டும் சுண்ணாம்பு படிகிறது. வருஷத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வீதம் இப்படி உயர்ந்து, பல்லாயிரம் வருஷங்களில் அணையாயிற்று. ஏரிகளில் மிகப் பெரியதான கோஸ்யாக், ஒரு காலத்தில் இரண்டு ஏரிகளாக இருந்ததாம். கீழ் அணை உயர உயர, இடையே இருந்த அணை நீரில் மூழ்கி, இரண்டும் ஒன்றாயின. இவ்வேலை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் 2006 முதல் ஏரிகளில் இறங்கிக் குளிப்பதற்குத் தடை. ஒரு மனிதன் கால் வைத்தால், ஒரு தலைமுறையின் கட்டட வேலை நொறுங்கிப்போகும்.

இவ்வளவையும் நான் வகுப்பில் பாடம் சொல்வது போல் சொல்லி முடித்தேன். என் மனைவியின் முகம் வாடிவிட்டது.

"நதியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக்கூட முடியாதா? பார்த்துவிட்டு மட்டும் போவதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள்.

நான் பதில் பேசவில்லை. அவளுடைய மனத்தாங்கலில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் நாட்டில் தீர்த்தமென்றால் ஆடுவதும் அள்ளுவதுமே முறை. தொடாமல் வணங்குவது நமக்குப் பழக்கமில்லை.

ஏரிகளின் மேலும் ஓரமாகவும் மரப்பலகைகளால் பாலம் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் கைப்பிடி கிடையாது. குனிந்தால் நீர் எட்டும். கூட்டமோ சொல்லி முடியாது. 2018இல் 17 லட்சம் பேருக்கு மேல் வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது வரும் நேரத்தைக் குறித்து முன்கூட்டியே சீட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கோஸ்யாக் ஏரியை மின்சாரப் படகில் கடந்தோம். புகையும் இல்லை, இரைச்சலும் இல்லை.

மேல் ஏரிகளில் ஓரிடத்தில் ஜனங்கள் சற்றுக் குறைந்திருந்தார்கள். என் மனைவி பையிலிருந்து செம்பை எடுத்துக்கொண்டு பலகை ஓரமாகக் குனிந்தாள். நான் தடுக்கவும் இல்லை. சரியென்று சொல்லவும் இல்லை. குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இங்கே பாருங்கள். இது மரமா, கல்லா?" என்றாள்.

பளிங்கு போன்ற நீரின் அடியில், என்றோ விழுந்த ஒரு மரம் கிளைகளோடு கிடந்தது. தண்டும் கிளையும் ஒன்று விடாமல், வெள்ளையடித்தாற்போல் சுண்ணம் பூசி இருந்தது. சிறு மீன்கள் அதனிடையே போய் வந்துகொண்டிருந்தன. வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செம்பைப் பைக்குள் போட்டுவிட்டு, "வேலையாய் இருக்கிறவளை நடுவில் போய்க் கூப்பிடக் கூடாது" என்றாள். நான் செய்த பிரசங்கத்தால் ஆகாத காரியத்தை அந்த மரம் செய்துவிட்டது.

கீழ் ஏரிகளின் பக்கம் உள்ள ஓர் அருவிக்கு மில்கா டெர்னினா என்ற பாடகியின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவெங்கும் புகழ் பெற்றிருந்த அந்த அம்மையார், 1897இல் தாம் நடத்திய ஒரு கச்சேரியின் வரும்படியை இவ்வேரிகளின் பாதுகாப்புக்கென்று அளித்தார். அப்போது குரோஷியா பிறர் ஆளுகைக்கு உட்பட்ட நாடு. சொந்த சர்க்கார் வருவதற்கு முன்பே, சொந்த நாட்டு அருவியைக் காப்பது தங்கள் கடமை என்று அங்குள்ளோர் உணர்ந்திருந்தார்கள்.

ஆயினும் மனிதர்களின் பகை இவ்விடத்தையும் விடவில்லை. 1991ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, இவ்வேரிகளின் கரையிலேதான் குரோஷிய யுத்தத்தின் முதல் உயிர்ச்சேதம் நிகழ்ந்தது. இரு தரப்பிலும் ஒவ்வொருவர் மாண்டனர். 1992இல் இப்பூங்கா அபாயத்தில் உள்ள பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. 1995இல் யுத்தம் ஓய்ந்தது. 1997இல் அந்த அபாயக் குறி நீங்கிற்று. துப்பாக்கிகள் முழங்கிய அவ்வருஷங்களிலும் பாசி தன் வேலையை நிறுத்தவில்லை என்று எண்ணியபோது என் மனம் கனிந்தது.

மறுநாள் திரும்பும் வழியில் ஸ்லூன் என்ற சிற்றூரில் இறங்கினோம். பூங்காவின் எல்லைக்கு வெகு அப்பால் இருக்கிறது அவ்வூர். ஏரிகளிலிருந்து புறப்பட்ட கோரானா நதி அங்கே விசாலமாக ஓடுகிறது. கரையில் சிறுவர்கள் கால் நனைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி, நீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இப்போது வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். இனிப் பார்க்கலாம், பேசலாம்" என்று சொல்லிச் செம்பை நிறைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பியதும் குற்றாலத்தின் நினைவு வந்தது. அருவியை நாம் தெய்வமென்று கும்பிடுகிறோம். அந்தத் தெய்வத்தின் தலையிலேயே எண்ணெயையும் சோப்பையும் கரைத்து விடுகிறோம். அவர்கள் கும்பிடுவதில்லை, ஆனால் கை வைக்காமல் இருக்கக் கற்றிருக்கிறார்கள். நம்முடைய பக்தியும் அவர்களுடைய கட்டுப்பாடும் ஓரிடத்தில் சேருமானால் நம் அருவிகளுக்கு எவ்வளவு நன்மை!

சில மாதங்கள் கழித்து, சரஸ்வதி பூஜைக்காக மாடத்தைத் துலக்கும்போது, என் மனைவி அந்தச் செம்பைத் திறந்து பார்த்து என்னை அழைத்தாள். நீர் சற்று வற்றியிருந்தது. அது நின்றிருந்த மட்டத்தில், செம்பின் உட்புறத்தைச் சுற்றிலும் நூல் போல் மெல்லிய வெண்கோடு ஒன்று படிந்திருந்தது. மற்றச் செம்புகளையெல்லாம் புளி போட்டுத் தேய்த்தாள். அதை மட்டும் தேய்க்கவில்லை.