காடும் கடலும் காணப் புறப்படுகிறோம்

தலைநகரில் வாழும் நம்மனோர்க்குக் கோடை விடுமுறை என்பது ஊருக்குச் செல்லும் விடுமுறையே. அதில் கை வைக்க எங்களுக்கு மனமில்லை. காட்டையும் கடலையும் ஒருங்கே காண வேண்டுமென்று குழந்தைகள் அந்தமானைக் குறித்தபோது, குளிர்கால விடுமுறையையே அதற்கு ஒதுக்கினோம். மே மாதத்தில் அங்கே தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும் என்பதும் ஒரு காரணம்.

சென்னையிலிருந்து கப்பலேறினால் ஏறத்தாழ மூன்று நாள். விமானத்திலோ இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மிகுதி. விடுப்பின் அளவை நோக்கி விமானத்தையே தேர்ந்தோம். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரில் இறங்கி, செல்லுலார் சிறையைக் கண்டு, பின்னர் 2018-இல் சுவராஜ் தீவெனப் பெயர் பெற்ற ஹேவ்லாக்கின் ராதாநகர்க் கடற்கரைக்குச் செல்வதெனத் திட்டம். மணற்பரப்பின் விளிம்பிலேயே நெடுமரக்காடு தொடங்கும் இடம் அது.

ஒரே ஒரு தயக்கம் இருந்தது. நாகப்பட்டினத்தில் வாழும் எங்கள் அன்னையார், 2004 டிசம்பர் 26-க்குப் பின் கடற்கரையில் கால் வைத்ததில்லை. அதே ஆழிப்பேரலை அந்தமானையும் தாக்கியதன்றோ? எனினும், அவரிடம் சொல்லாமற் செல்வது முறையன்று. தயங்கித் தயங்கித் தொலைபேசியில் செய்தியைத் தெரிவித்தோம். சற்று நேரம் மறுமொழி இல்லை. பின்னர், "பிள்ளைகள் கடலுக்குப் பயந்து வளரக் கூடாது. எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுங்கள்" என்றார்.

சென்னையிலிருந்து ஐந்து டிக்கெட்டுகள் எடுத்துவிட்டோம்.