ஆடுகளத்திற்கு வெளியே நிற்பவர்கள்

பாழடைந்த எருசலேம் மீண்டும் தழைக்கப்போகும் நாளைக் குறித்துப் பேசும் சக்கரியா இறைவாக்கினர், அந்நாளின் அடையாளமாகக் கோட்டை மதிலையோ பொற்குவியலையோ காட்டவில்லை. முதியவர்கள் கோலூன்றித் தெருவில் அமர்ந்திருக்க, சிறுவரும் சிறுமியரும் அங்கே விளையாடும் காட்சியையே காட்டுகிறார். ஒரு நகரம் நலமாக இருக்கிறதா என்று அறிய இதைவிட எளிய அளவுகோல் உண்டோ? சிறுவர் என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், சிறுமியரையும் அவர் சேர்த்துச் சொன்னார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

அந்த அளவுகோலைக் கொண்டு நான் வாழும் கும்மிடிப்பூண்டிப் பகுதியை அளந்து பார்க்கிறேன். சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்காலைகள் இரவு பகலாக இயங்குகின்றன. மாலையானால் கோவில் வளாகத்து மைதானத்தில் பந்தும் உருளத்தான் செய்கிறது. ஆயினும் ஆடுவோர் பதினைந்து இருபது இளைஞர்களே. நேற்று ஆடியவர்களே இன்றும் ஆடுகிறார்கள். சுற்றுச்சுவர் ஓரத்தில் கைபேசியும் கையுமாகக் குந்தியிருப்போர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். சாலையோரமாக நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இருளர் பிள்ளைகள். மறைக்கல்வி முடிந்ததும் நேரே வீடு திரும்பிவிடுகிறவர்கள் நம் பெண்மக்கள். வாசற்கதவு திறந்தேதான் இருக்கிறது. எனினும் இவர்கள் உள்ளே வருவதில்லை. ஏன்?

சோம்பல் என்று சொல்லி இதனைத் தள்ளிவிட முடியாது. உலக சுகாதார நிறுவனம் பங்கேற்று 2024-இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகின் வயதுவந்தோருள் 31 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். இந்தியாவிலோ ஏறத்தாழப் பாதிப் பேர். ஆண்களுள் 42 விழுக்காட்டினர், பெண்களுள் 57 விழுக்காட்டினர். வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடலியக்கமே அந்நிறுவனம் கேட்கும் குறைந்த அளவு. நம் பெண்கள் உழைக்காமலா இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஒரே இயந்திரத்தின் முன்னே ஒரு ஷிப்டு முழுவதும் நின்றுவிட்டு, வீடு திரும்பி அடுப்பின் முன்னே நிற்பவளுக்கு மிஞ்சுவது களைப்பே. களைப்பு வேறு, உடலும் உள்ளமும் ஒருங்கே மலரும் ஆட்டம் வேறு.

புனித தொன் போஸ்கோ இந்த உண்மையை நன்கு உணர்ந்திருந்தார். 1841-ஆம் ஆண்டு அவர் தம் பணியைத் தொடங்கிய தூரின் நகரமும் தொழில் பெருகிவந்த நகரமே. கிராமங்களிலிருந்து கொத்தனார் வேலைக்கும் சிற்றாள் வேலைக்கும் வந்த பையன்கள் அங்கே கேட்பாரற்றுத் திரிந்தார்கள். ஞாயிறு தோறும் அவர்களைத் திரட்டித் திருப்பலி, மறைக்கல்வி, விளையாட்டு என்ற மூன்றையும் ஒரே நாளில் அவர்களுக்கு அளித்தார். கூச்சல் பொறுக்கமாட்டாத அக்கம்பக்கத்தாரால் இடம் விட்டு இடம் மாறி, 1846-இல்தான் வால்தோக்கோவில் நிலையான இடம் பெற்றார். பையன்கள் தம்மைத் தேடி வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கே சென்று அவர்களோடு பேசினார். விருந்துக்கு ஆள் வராதபோது தெருக்களுக்கும் சந்துகளுக்கும் ஊழியனை அனுப்பிய வீட்டுத் தலைவனைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையும் இதுவே அன்றோ?

ஆகவே, மைதானம் திறந்திருந்தால் மட்டும் போதாது. வராதவருக்கென்று ஒரு நேரத்தை ஒதுக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த ஆட்டத்தைக் கேட்டறிய வேண்டும். பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அனுபவம் எனக்குக் கற்பித்தவை இம்மூன்றே.

ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் மைதானம் பெண்களுக்கே என்று அறிவித்தபோது, முணுமுணுப்பு எழாமல் இல்லை. "வயசுக்கு வந்த பொண்ணு மைதானத்துல ஓடினா நாலு பேர் என்ன பேசுவாங்க, சாமி?" என்று கேட்டார் ஒரு தந்தை. "அம்மாவையும் கூடவே அனுப்புங்கள்" என்றேன். காவலுக்கு வந்த தாய்மார்கள் முதல் இரண்டு வாரம் மரத்தடியில் அமர்ந்து பார்த்தார்கள். மூன்றாம் வாரம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர்களும் எறிபந்து ஆட இறங்கிவிட்டார்கள். அதற்குப் பின் அந்த நாலு பேரைப் பற்றிய பேச்சு எழவில்லை.

வடநாட்டு இளைஞர்களிடம் என்ன ஆடுவீர்கள் என்று கேட்டபோது, சிம்டேகா மாவட்டத்தார் சிலர் "ஹாக்கி" என்றார்கள். இந்திய மகளிர் ஹாக்கி அணிக்குத் தலைமை ஏற்ற சலீமா டேட்டே பிறந்த மண் அது. தலைமுறைகளாகக் கத்தோலிக்க விசுவாசம் வேரூன்றிய மண்ணும்கூட. அவர்களை அதுவரை நம் ஊரார் "ஹிந்திக்காரன்" என்ற ஒரே சொல்லால்தான் அழைத்துவந்தார்கள். அணிப் பட்டியல் எழுத உட்கார்ந்த அன்றுதான் ஒவ்வொருவருடைய பெயரும் நம் பிள்ளைகளுக்குத் தெரியவந்தது. பந்து வரும்போது பெயரைச் சொல்லித்தானே கூப்பிட வேண்டும்! பெயர் தெரிந்தவனைப் பிறகு அயலானாக நினைக்க முடிவதில்லை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இங்குள்ள முகாமில் வாழ்ந்துவரும் இலங்கைத் தமிழர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 2021-இல் அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை நீக்கி மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது நன்று. ஆயினும் அப்பிள்ளைகள் நம் பிள்ளைகளின் அணியிலேயே ஆடும்போதுதான் மறுவாழ்வு என்ற சொல் பொருள் பெறும்.

வெளியே நின்றவர்கள் உள்ளே வந்தால் என்ன நிகழும் என்பதற்குச் சென்னையே சான்று. வடசென்னைச் செரியன் நகரின் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டோர் குடியேற்றப்பட்ட கண்ணகி நகரின் கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத்தலைவி. இவர்களைக் கண்டு பெருமிதம் கொள்வோம். ஆனால் பதக்கத்திற்காக மட்டுமே மைதானத்தைத் திறப்போமானால், திறமையற்றவர் மீண்டும் சுவரோரத்திற்கே போய்விடுவர். அரை மணி நேரம் மகிழ்ந்து ஆடிவிட்டு வீடு திரும்பும் பெயரறியாப் பெண்ணும் வெற்றி பெற்றவளே.

"சாமி, கோவில் நடத்துகிறீர்களா, விளையாட்டுக் கழகம் நடத்துகிறீர்களா?" என்று கேட்போர் உண்டு. திருத்தூதர் சின்னப்பர் விசுவாச வாழ்வை ஓட்டப்பந்தயத்திற்கு ஒப்பிட்டதை அவர்களுக்கு நினைவூட்டுவேன். விளையாட்டைப் பற்றித் திருச்சபை 2018 ஜூனில் தனி ஏடே வெளியிட்டது. 2025 ஜூனில் யூபிலி ஆண்டின் ஒரு பகுதியாக விளையாட்டு வீரர்களின் திருநாளும் உரோமையில் கொண்டாடப்பட்டது. வேறொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: இது மதம் மாற்ற விரிக்கும் வலை அன்று. இருளர் பிள்ளை இருளர் பிள்ளையாகவே வந்து ஆடி, மகிழ்ந்து வீடு திரும்பினால் போதும். அன்பு கைம்மாறு கேளாது.

2024 முதல் தமிழகத்தின் 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்கு அரசு விளையாட்டுக் கருவிகளை வழங்கியிருக்கிறது. ஆகவே பந்துக்கும் மட்டைக்கும் பஞ்சமில்லை. அழைக்கும் குரலுக்குத்தான் பஞ்சம்.

அன்புக் குடும்பங்களே, உங்கள் மகன் மைதானத்திற்குப் புறப்படும்போது மகளும் புறப்படட்டும். உங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் வெளிமாநிலத் தொழிலாளியின் பெயரைக் கேட்டறியுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவரையும் உடன் அழைத்து வாருங்கள். பங்குப் பேரவையினரே, ஜனவரி 31-இல் தொன் போஸ்கோ திருநாளன்று கோப்பைப் போட்டி நடத்த எண்ணுவீர்களானால், யார் வென்றார்கள் என்று பார்க்கும் முன், யார் வரவில்லை என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். மறுவாரம் அந்தப் பட்டியலோடு வீடு வீடாகப் புறப்படுங்கள்.