பிள்ளையோடு தெற்கே – 1: எழும்பூர் வரைக்கும்தான் தூரம்

மணலி புதுநகரிலிருந்து திருநெல்வேலி எவ்வளவு தூரம் என்று கேட்டால் எங்கள் தெருவில் யாரும் கிலோமீட்டரில் பதில் சொல்ல மாட்டார்கள். “எழும்பூர் போய்ச் சேந்துட்டா விடிஞ்சா திருநெல்வேலி” என்பார்கள். எழும்பூரிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில் பாதை சுமார் 650 கிலோமீட்டர். எங்கள் வாசலிலிருந்து எழும்பூர் இருபது கிலோமீட்டர் சொச்சம். ஐந்து மாதக் கைக்குழந்தையோடு ஊருக்குக் கிளம்புவது என்று முடிவானதும் வீட்டில் நடந்த பேச்செல்லாம் அந்த இருபதைப் பற்றித்தான். மீதி 650 பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை.

போகாமல் இருக்க வழியில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் ஆயிற்று. என் கணவரின் ஆச்சி திசையன்விளைப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார். தொண்ணூறைத் தாண்டியவர். பேரன் மகளை வீடியோவில் பார்த்துவிட்டு, “பொட்டிக்குள்ள இருக்கிறவளத் தூக்க முடியுமாய்யா?” என்று பேரனிடம் கேட்டார். அத்தோடு டிக்கெட் எடுத்தாயிற்று. ஆச்சியைப் பார்த்துவிட்டு அப்படியே நாகர்கோவிலில் என் கல்லூரித் தோழி வீட்டுக்கும் போவதாகத் திட்டம். அவளுக்கும் கையில் குழந்தை.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மணலி வேறு, மணலி புதுநகர் வேறு. அது சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் இருக்கும் பழைய ஊர். இது சி.எம்.டி.ஏ. மனை பிரித்து உண்டாக்கிய ஊர், பொன்னேரி போகும் சாலையில் கொசஸ்தலை ஆற்றுக்குப் பக்கத்தில். தெற்கத்திக்காரர்கள் இங்கே நிறைய. மளிகைக் கடை, பாத்திரக் கடை என்று ஆரம்பித்துத் தங்கிவிட்டவர்கள். என் அப்பாவும் அப்படி வந்தவர்தான். வந்தவர்கள் சாமியையும் கூடவே கூட்டிவந்தார்கள். அய்யா வைகுண்டர் தர்மபதி இங்கே பெரியது. புரட்டாசியில் கொடியேறி நடக்கும் பத்து நாள் திருவிழாவில் தேரோட்டம் பார்க்கச் சென்னையின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் அய்யாவைக் கும்பிடும் அன்புக்கொடி மக்கள் வருவார்கள். அய்யாவின் தலைமைப்பதி இருக்கும் சாமித்தோப்புக்குப் போக முடியாத வருஷத்தில் சாமித்தோப்பே இங்கே வந்துவிட்ட மாதிரி இருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் குழந்தையைப் பதிக்குத் தூக்கிப்போய் நெற்றியில் நாமம் இட்டுவந்தோம். அம்மாவுக்கு அது போதவில்லை. கன்னத்தில் மைப்பொட்டு, மணிக்கட்டில் வசம்பு என்று தன் பாதுகாப்பு ஏற்பாட்டையும் சேர்த்துக்கொண்டார்.

பை கட்டுவது எங்களுக்குப் பெரிய வேலையில்லை. பூண்டி ஏரியைத் திறந்து கொசஸ்தலையில் வெள்ளம் வந்து 2015இலும் 2021 நவம்பரிலும் தண்ணீர் புகுந்த ஊர் இது. பத்திரம், மாத்திரை, மாற்றுத்துணி மூன்றும் ஒரே பையில் மேலாக இருக்க வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பையில் இந்த முறை தடுப்பூசி அட்டையும் ஏறியது. 14ஆவது வார ஊசி முடிந்தாயிற்று, அடுத்த பெரிய ஊசி ஒன்பதாம் மாதத்தில்தான். குழந்தைக்கு இன்னும் தாய்ப்பால் மட்டும். அதனால் பாட்டில், வெந்நீர் ஃபிளாஸ்க், பால் பவுடர் என்ற மூட்டையே இல்லை. கைக்குழந்தையோடு தூரப் பயணம் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இது: ஆறு மாதத்துக்கு முன்னால் போய்விடுங்கள். அதற்குப் பிறகு கூழ், கிண்ணம், கரண்டி, தவழ்தல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வரும்.

எந்த ரயில் என்பதில் எங்களுக்குள் ஒரு விவாதம். வந்தே பாரத் 2023 செப்டம்பர் முதல் ஓடுகிறது, எட்டு மணி நேரத்துக்குள் திருநெல்வேலி. “அன்னைக்கே போய்ச் சேந்துடலாமே” என்றார் கணவர். போகலாம்தான். ஆனால் அது முழுக்க நாற்காலி. ஐந்து மாதக் குழந்தைக்கு உட்காரத் தெரியாது, எட்டு மணி நேரமும் அது என் மடியில்தான் கிடக்க வேண்டும். பேருந்து என்றால் அதைவிட மோசம். கிளாம்பாக்கம் நிலையம் 2023 டிசம்பர் இறுதியில் திறந்தபிறகு தென்மாவட்டப் பேருந்துகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான். வடசென்னையின் இந்தக் கோடியிலிருந்து கிளாம்பாக்கம் போவதே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர். பழைய நெல்லை எக்ஸ்பிரஸ், ஸ்லீப்பர் வகுப்பு என்று முடிவாயிற்று. நேரம் கூட ஆனாலும் நீட்டிப் படுக்கலாம், தூளி கட்டலாம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. ஐந்து வயதுக்குக் கீழ் டிக்கெட் கிடையாது, பெர்த்தும் கிடையாது. கர்ப்பிணிக்கும் 45 வயது கடந்த பெண்ணுக்கும் கீழ் பெர்த் ஒதுக்கும் விதி ரயில்வேயில் இருக்கிறது. பிள்ளை வயிற்றுக்குள் இருக்கும்வரை கிடைக்கும் சலுகை, வெளியே வந்து கத்த ஆரம்பித்ததும் போய்விடுகிறது. எனக்கு வந்தது நடு பெர்த்.

இனி அந்த இருபது கிலோமீட்டர். செயலியில் கார் பதிவு செய்தோம். ஓட்டுநர் போன் செய்தார். “பிக்கப் எங்க சார்?” கணவர் சொன்னார். சின்ன மௌனம். பதிவு ரத்து. அடுத்தவரும் அப்படியே. மூன்றாமவர் கொஞ்சம் மரியாதை தெரிந்தவர், காரணமும் சொன்னார்: “மணலி புதுநகர்னா உள்ள வர்றதுக்கே டிரெய்லர் நடுவுல மாட்டிப்பேன் சார்.” அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. காமராஜர் துறைமுகத்துக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் இடையே கன்டெய்னர் யார்டுகள் வரிசைகட்டி நிற்கும் பகுதி இது. எங்கள் சாலையில் மனிதர்களை ஏற்றிய வண்டி சிறுபான்மை. துறைமுக வாசலில் ஏதாவது தடங்கல் என்றால் லாரி வரிசையின் வால் எங்கள் பக்கம் வரை நீளும். சாலையோரக் கரித்தூள், காற்று திரும்பினால் வரும் கேஸ் வாடை இவற்றில் வளர்ந்த எனக்கே அன்று துப்பட்டாவை எடுத்துக் குழந்தையின் முகத்தில் போடத் தோன்றியது.

கடைசியில் தெருமுனை ஆட்டோ அண்ணன்தான். “எழும்பூர்லாம் வாணாம்மா, கொயந்தைய வச்சுக்கினு. விம்கோ நகர்ல உட்டுர்றேன், மெட்ரோவுல குந்திக்கினு ஜம்முனு போ.” எம்.எஃப்.எல். சந்திப்பில் இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே ஆட்டோ நின்றது. ஒரு டிரெய்லர் ஏர் பிரேக்கை விட்டதும் குழந்தை தூக்கிவாரிப்போட்டு அழுதது. லாரி டிரைவர் மேலேயிருந்து எட்டிப்பார்த்துக் கைகூப்பினார். என்ன செய்வார், பாவம்.

மெட்ரோ வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே விம்கோ நகர் வரை வந்தது 2021 பிப்ரவரி 14இல். அதற்கு முன்னால் பிள்ளை பெற்ற என் அக்கா இதே தூரத்தை எப்படிக் கடந்தாள் என்று நினைத்துப் பார்க்கிறேன். லிப்ட், கதவு திறந்ததும் சமதளத்தில் பெட்டி, எழுந்து இடம்தரும் ஆட்கள். திருவொற்றியூர் தேரடி, காலடிப்பேட்டை, டோல்கேட் என்று மேலே வெயிலில் போகும் ரயில் தண்டையார்பேட்டைக்கு முன்பே தரைக்குள் இறங்கும். ஜன்னல் சட்டென்று இருண்டதும் அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துக் குழந்தை சிரிக்க ஆரம்பித்தது. சென்ட்ரலில் மாறினால் அடுத்த நிலையம் எழும்பூர். மெட்ரோவில் ஏறியது முதல் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவே இல்லை. பேசத் தேவை இருக்கவில்லை. எழும்பூரில் நிலைய மறுசீரமைப்பு வேலையால் எந்த வாசல் எங்கே போகிறது என்று கொஞ்சம் சுற்றினோம், அவ்வளவுதான்.

பெட்டியில் ஏறியதும் எதிர் இருக்கையில் ஒரு பாட்டி. கோவில்பட்டியில் இறங்குகிறவர். குழந்தையைப் பார்த்த முதல் நிமிஷத்திலேயே விசாரணை ஆரம்பம். “எத்தன மாசம்? தண்ணி காட்டுனியா?” டாக்டர் ஆறு மாதம் வரைக்கும் பால் மட்டும்தான் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றேன். “கோடையில நாக்கு வறண்டுல்லா போவும் பச்சப் புள்ளைக்கு? டாக்டரா வந்து ராத்திரி ஆட்டப் போறாரு?” நான் விட்டுக்கொடுக்கவில்லை. பாட்டிக்கும் அதில் வருத்தமில்லை. தாம்பரம் தாண்டுவதற்குள் தன் பையிலிருந்து ஒரு பழைய நூல்புடவையை எடுத்து, “ஏய்யா, ஒயரமா இருக்கியே, மேல கட்டு” என்று என் கணவரை எழுப்பினார். இரண்டு பக்க மேல் பெர்த் கம்பிகளுக்கும் குறுக்கே புடவை ஏறியது. ஒற்றை முடிச்சுப் போட்டவரைப் பாட்டி விடவில்லை. இரட்டை முடிச்சு போட்டு, தன் துணிப்பையைத் தூளிக்குள் வைத்து இழுத்துப் பார்த்து, பிறகுதான் பிள்ளையைக் கிடத்தவிட்டார். கீழ் பெர்த்துக்குரிய கல்லூரித் தம்பி தானாகவே என் நடு பெர்த்துக்கு ஏறிக்கொண்டான்.

2022 மே மாதம் லக்னோ மெயிலில் ‘பேபி பெர்த்’ என்று ஒன்றைச் சோதனைக்குப் பொருத்தினார்கள். கீழ் பெர்த்தின் ஓரத்தில் மடித்து விரிக்கும் சின்னப் பலகை, உருளாமலிருக்கத் தடுப்பு. நல்ல எண்ணம்தான். நான் ஏறிய தென்மாவட்ட ரயில் எதிலும் அதைப் பார்க்கவில்லை. விமானத்தில் முன்வரிசைச் சுவரில் தொட்டில் மாட்டித் தருகிறார்கள். கனடாவிலிருந்து கைக்குழந்தையோடு வந்த சித்தி மகள், அது கிடைக்கப் பல மாதம் முன்பே கேட்டு வைத்ததாகச் சொன்னாள். என் மகளுக்கு அது தாம்பரத்தில் கிடைத்தது.

ஒன்று கவனித்தேன். ரயில் ஓடும்வரை தூளி தானாக ஆடுகிறது, பிள்ளை தூங்குகிறது. நின்றால் விழித்துவிடுகிறது. விழுப்புரம், விருத்தாசலம், திருச்சி, திண்டுக்கல் எல்லாம் போர்டைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தன. நின்ற இடத்திலெல்லாம் பால். மதுரையில் அந்தத் தம்பி இறங்கும்போது தூளிக்குள் எட்டிப்பார்த்து “டாட்டா” சொன்னான். குழந்தை முழித்துக்கொண்டுதான் இருந்தது.

கோவில்பட்டியில் பாட்டி புடவையைக் கேட்கவில்லை. “திரும்பி வாரப்ப கட்டணும்லா, வச்சுக்க” என்று இறங்கிவிட்டார். விடிந்தபோது வெளியே பனையும் உடைமரமும். வாஞ்சி மணியாச்சியில் கணவர், 1911இல் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட சந்திப்பு இதுதான் என்று மகளுக்கு வரலாறு சொல்ல ஆரம்பித்தார். அவள் பேம்பர்ஸை நிரப்பிப் பதில் சொன்னாள்.

திருநெல்வேலியிலிருந்து திசையன்விளைப் பேருந்து. பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறை 2015 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்கத் திறக்கப்பட்டது. பூட்டில்லாத அறையும் உள்ளே ஓடுகிற மின்விசிறியும் சேர்ந்து கிடைப்பது அன்றைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அன்று கிடைத்தது. கண்டக்டர் எங்கள் இருவருக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, ஐந்து வயது வரை இலவசம் என்று தெரிந்தும், “இந்த அம்மாவுக்கு எங்க?” என்று கேட்டுச் சிரித்தார்.

பேருந்து பாளையங்கோட்டையைத் தாண்டும்போது ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். ஆச்சி விடியற்காலையிலேயே குளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாராம். பிறந்தபோது தன்னால் வந்து வைக்க முடியாமல் போன சேனையை இப்போதாவது வைக்க வேண்டும் என்று, உடன்குடிக் கருப்பட்டியைக் கரைத்துக் கிண்ணத்தில் தயாராக வைத்திருக்கிறாராம். ரயில் பாட்டியிடம் ஆறு மாதக் கணக்குச் சொல்லித் தப்பித்தேன். தொண்ணூறு கடந்த ஆச்சியிடம் யார் சொல்வது, நானா கணவரா என்று மூலைக்கரைப்பட்டி வரை நாங்கள் பேசிக்கொண்டே போனோம்.

(தொடரும்)