அத்திம்பேரின் ஹெரால்ட்

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரை நம் வயதுக்காரர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பானெட், மட்கார்டு எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சின் வேலை பார்க்கலாம். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். உத்திர வீதியில் மாட்டு வண்டி குறுக்கே நின்றாலும் ஹெரால்டுக்கு வழி உண்டு. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. நம் நாட்டில் 1961 முதல் மதராஸ் கம்பெனி தயாரித்தது.

என் அத்திம்பேர் பழைய இரண்டு கதவு ஹெரால்ட் ஒன்றை வாங்கினார். வங்கி உத்தியோகம், நெற்றியில் திருமண், பேச்சில் பணிவு. ஆனால் மனசு பூராவும் சோழவரம். இளையவர்களுக்குச் சொல்கிறேன்: சோழவரம் என்பது மதராஸுக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். போர் முடிந்து சும்மா கிடந்த அந்தத் தளத்தில் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தியது. கும்பல் கும்பலாக ஜனம் போகும். அசல் பந்தயக் கார்களும் வரும். நம் ஃபியட், அம்பாசிடர், ஹெரால்டுகளும் உடம்பை இளைத்துக்கொண்டு ஓடும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அத்திம்பேர் தானும் ஓட்டப்போவதாக அறிவித்தார். அப்போது நான் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"அவர் வேகமாப் போறதைப் பத்தி எனக்குக் கவலை இல்லடா. திரும்பறச்சே வண்டி கவுந்துடாம இருக்குமா? அதை நீ சொல்லு. நீ சொன்னா அனுப்பறேன்."

கைக்குழந்தை இடுப்பில். கேட்டது சரியான கேள்வி. ஏனென்றால் ஹெரால்டின் பலவீனமே அங்கேதான் இருந்தது.

சாதாரணக் கார்களில் பின் ஆக்சில் ஒரே கட்டை. ஹெரால்டில் அது டிஃபரன்ஷியலுக்கு இருபுறமும் இரண்டு கைகளாகத் தனித்தனியே மேலும் கீழும் ஆடும். அதற்கு மேல் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் கட்டு. மேடு பள்ளத்தில் சுகம். ஆனால் வேகமான வளைவில் காரின் பின்பக்கம் எழும்பினால், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும். டயரின் விளிம்பு மட்டுமே தரையில் இருக்கும். அந்த நேரம் பார்த்து ஓட்டுபவர் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் இன்னும் எழும்பும், பின்னாலேயே வண்டி சுழலும். இதே அமைப்பில் இங்கிலாந்தில் வந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே வியாதி. அங்கே 1970-ல் அந்தப் பட்டைக் கட்டின் மேல் பட்டைகள் நடுவில் ஊஞ்சல் போல ஆடும்படி மாற்றி, வியாதியைப் பெரிதும் குறைத்தார்கள்.

நமக்கு அந்த வசதி ஏது? இருப்பதை வைத்துத்தான் செய்ய வேண்டும். வழி ஒன்றுதான்: பின்பக்கத்தைத் தாழ்த்துவது. தாழ்த்தினால் சக்கரங்களின் அடிப்பகுதி சற்று அகன்று நிற்கும். எழும்பினாலும் உள்ளே மடங்கும் நிலைக்கு எளிதில் போகாது.

பொன்மலையில் ஸ்பிரிங் ஷாப் உண்டு. ஆனால் சர்க்கார் உலையில் சொந்த வேலை பார்ப்பது எனக்கு ஒவ்வாது. அரியமங்கலம் பக்கம் லாரிப் பட்டை வளைக்கும் பட்டறைக்குக் கட்டைக் கழற்றித் தூக்கிப் போனோம். பட்டையைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, வளைவைக் குறைத்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் பதம் கொடுக்க வேண்டும். தோய்த்ததோடு விட்டால் கண்ணாடி மாதிரி உடையும். பதம் மிஞ்சினால் தொய்ந்துவிடும். பட்டறைப் பெரியவர் நிறத்தைப் பார்த்தே சூடு சொல்வார். என் படிப்பை அவரிடம் காட்டாமல் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ரயில்வேயில் ஸ்பிரிங்கை அழுத்திவிட்டு, பழைய உயரத்துக்குத் திரும்புகிறதா என்று அளப்போம். அதற்கு வீட்டில் ஒரு வழி செய்தேன். பின் சீட்டில் அரிசி மூட்டைகளை ஏற்றி இரண்டு நாள் வைத்து, இறக்கி, சக்கரத்துக்கு மேலே உயரத்தை அளந்தேன். இரண்டு பக்கமும் பழைய இடத்துக்கே வந்தது. எதிராத்து மாமிதான், "ஏன், உங்காத்து வண்டி உட்கார்ந்துடுத்து?" என்று விசாரித்தாள். அதோடு ஷாக் அப்சார்பரையும் இறுக்கமானதாக மாற்றினோம். முன்பக்க ரோல் பாரைக் கனமாக்கினோம்.

எஞ்சின் விஷயத்தில் அத்திம்பேருக்கு ஆசை அதிகம். 948 சிசி, ஒற்றை கார்புரேட்டர். ஹெட்டை இழைத்தால் கம்ப்ரஷன் கூடும், சக்தி கூடும். உண்மைதான். ஆனால் அன்றைய பெட்ரோலுக்கு ஓர் அளவுக்கு மேல் போனால் 'நாக்கிங்' வந்து பிஸ்டன் ஓட்டையாகும். அவர் இன்னும் கொஞ்சம் என்றார். நான் போதும் என்றேன். புதுப்பேட்டையில் தேடி இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர் வாங்கி வந்தார். அவற்றைச் சமப்படுத்த ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொன்றின் வாயிலும் காட்டிச் சத்தம் கேட்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி சீறினால் சரி. அத்திம்பேருக்குச் சங்கீத ஞானம் உண்டு. சுருதி சேர்ப்பது போல ரசித்துச் செய்தார்.

விடிகாலையில் லால்குடி சாலையில் மெதுவிலிருந்து படிப்படியாக ஏற்றிப் பார்த்தோம். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், உள்ளே போனபின் காலைச் சட்டென்று எடுக்கக் கூடாது. இதை மந்திரம் போல உருப்போட வைத்தேன். பிறகு அக்காவிடம் போய், "அனுப்பு" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு முந்தைய இரவு நான் தூங்கவில்லை.

அக்கா சோழவரம் வரவில்லை. தாயார் சன்னதியில் இருந்தாளாம். அத்திம்பேர் தன் பிரிவில் ஆறாவதாக வந்தார். முன்னால் போன ஃபியட் ஒன்று நீண்ட ஓட்டத்தின் கடைசி வளைவில் சுழன்று நின்றது. நம் ஹெரால்ட் கொஞ்சம் வாலை ஆட்டிவிட்டுச் சமர்த்தாகத் திரும்பியது. ட்ரங்க் கால் போட்டு, "வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னார். எத்தனையாவது என்று அக்கா கேட்கவே இல்லை.

1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ரேஸ் டிராக் வந்தபின் சோழவரம் பழங்கதையாயிற்று. அந்த இடுப்புக் குழந்தை இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான். ஐம்பது தாண்டியாயிற்று. டிராக்கில் ஓட்டவென்றே ஒரு சின்னக் கார் வாங்கியிருக்கிறான். கோவை, நரேன் கார்த்திகேயன் ஊர். 2005-ல் அவர் ஃபார்முலா ஒன் போனதிலிருந்து அங்கே இந்தக் காற்று பலமாகவே அடிக்கிறது. செட்டிப்பாளையத்தில், மறைந்த கரிவர்தன் பெயரில் டிராக்கும் இருக்கிறது.

"ஹெட்டெல்லாம் இழைக்க வேண்டாம் மாமா, லேப்டாப்பைச் சொருகினாப் போறும்" என்கிறான். கம்ப்யூட்டர் கணக்கை மாற்றி டர்போ அழுத்தத்தை ஏற்றிவிடுகிறார்களாம். இருக்கட்டும். சாலையில் ஓடும் வண்டியை இப்படி மாற்ற முடியாது, தயாரித்தபோது இருந்த அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. இவன் டிராக்குக்கு லாரியில் ஏற்றித்தான் கொண்டு போவானாம்.

என்னை உறுத்துவது எஞ்சின் அல்ல. வண்டியைத் தாழ்த்த யாரோ காயில் ஸ்பிரிங்கை ஒரு சுற்று அறுத்துக் கொடுத்திருக்கிறார்கள். மிஷினில் அறுத்தார்களா, கேஸ் சுடரிலா என்று கேட்டேன். தெரியவில்லை என்றான். சுடர் பட்ட இடத்தில் பதம் போயிருக்கும். அங்கேதான் ஒரு நாள் விண்டுபோகும். சக்கரம் குழியில் இறங்கும்போது ஸ்பிரிங் தன் கிண்ணத்தை விட்டு நழுவுகிறதா என்றும் பார்த்தாக வேண்டும்.

அக்காவுக்கு இப்போது எண்பத்திரண்டு. அத்திம்பேர் போய்ப் பன்னிரண்டு வருஷம். முந்தாநாள் போன் செய்தாள். "ஏன்டா, இவன் வண்டி திரும்பறச்சே எப்படி?" என்றாள்.

இன்னும் பார்க்கவில்லை, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை வண்டியை இங்கே கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். முழங்கால் மடங்காது; அடியில் படுக்க ஒரு பாயும், நல்ல டார்ச் லைட்டும் எடுத்து வைத்தாயிற்று.