"எனக்கு நல்லாத்தான வருது!"

"என் லேப்டாப்புல நல்லாத்தான ஓடுது" - இந்த டயலாக்கை நீங்களும் ஒருதடவையாவது விட்டிருப்பீங்க. நான் விட்டது கோவில்பட்டியில, எங்க சித்தப்பாகிட்ட.

2020-ல நம்ம ஊர் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைச்ச ஜோர்ல, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா அவர் கடைக்கு ஆன்லைன் ஆர்டர் சைட் எழுதிக் கொடுத்தேன். தீபாவளிக்கு வெளியூர் ஆர்டரை நம்பி நாற்பது கிலோ கூடுதலா போட்டு வெச்சார். ஆர்டர் வரலை. ஐப்பசி ஈரத்துல அத்தனையும் நமுத்துப் போச்சு. "ஏலே, சைட்டு சுத்திக்கிட்டே நிக்குதாம்ல"ன்னார். நான் தட்டிப் பார்த்தேன், சட்டுனு வந்துச்சு. அப்பதான் அந்த டயலாக்!

மனசு கேக்கலை. எட்ஸி நிறுவனம் 2011-ல இலவசமா வெளியிட்ட ஸ்டாட்ஸ்டி-யைப் போட்டேன். விஷயம் சிம்பிள். ஆர்டர் தொடங்கும்போது மணி பார், முடியும்போது மணி பார், வித்தியாசத்தை ஒரே வரியா கண்காணிப்பு சர்வருக்கு அனுப்பு. யூடிபி-யில போறதால, தபால்பெட்டியில கார்டு போட்ட மாதிரி - பதிலுக்குக் காத்திருக்க வேணாம். அந்த சர்வரே படுத்தாலும் கடை படுக்காது.

சராசரி ஒன்றரை விநாடி. 'பரவாயில்லையே'ன்னு நெனச்சேன். ஆனா சராசரி ஒரு கில்லாடி, பாஸ்! வருஷ மழை இத்தனை மில்லிமீட்டர்னு சொன்னா கரிசக்காட்டு சம்சாரிக்குப் போதுமா? விதைப்புல பெஞ்சுதா, அறுப்புல பெஞ்சுதான்னுதானே கேப்பார்? அதனால உள்ளூர், வெளியூர்னு நேரத்தைப் பிரிச்சு அனுப்பினேன். நூறு ஆர்டர்ல தொண்ணூறு உள்ளூர், ஆளுக்கு 0.3 விநாடி. மீதி பத்து வெளியூர், ஆளுக்குப் பன்னிரண்டு விநாடி!

காரணம்? வெளியூர் ஆர்டர் ஒவ்வொண்ணுக்கும் கட்டணம் கேட்டு, கூரியர் சர்வர் வாசல்ல என் கோடு காத்துக் கிடந்திருக்கு. நான் சோதிச்சப்போ எல்லாம் போட்ட பின்கோடு 628501. நம்ம ஊரு! கட்டணப் பட்டியலை தினம் ஒருதடவை வாங்கி சேமிச்சு வெச்சேன். பன்னிரண்டு, அரை விநாடியாச்சு.

2011-லயே தென்காசிப் பக்கம் ஆபீஸ் போட்ட ஜோஹோவோட சைட்24எக்ஸ்7-னு ஒரு தயாரிப்பு இருக்கு. அதோட பொழப்பே இப்படிக் கண்காணிக்கிறதுதான். ஆக, இது பெரிய ஊர் வித்தையெல்லாம் இல்லை.

இன்னிக்கு ராத்திரியே உங்க ப்ராஜெக்ட்ல அந்த ரெண்டு வரியைச் சேர்த்துடுங்க. வாடிக்கையாளர் பேரு, போன் நம்பரை மட்டும் அதுல அனுப்பிடாதீங்க.

அடுத்த தீபாவளிக்கு சித்தப்பா திட்டலை. "மீட்டர் என்னலே சொல்லுது?"ன்னு மட்டும் கேட்டார். அப்புறம்தான் பாகு காய்ச்சவே அடுப்பைப் பத்த வெச்சார்!