வெள்ளிக்கிழமைச் சத்தம்

எங்கள் பக்கத்தில் குளிர்காலம் என்று ஒன்று கிடையாது. மார்கழியில் விடியற்காலை கோலம் போடுகிற பெண்கள் தலையில் ஒரு துண்டைச் சுற்றிக் கொள்வார்கள். டீக்கடைப் பெஞ்சில் கிழவர்கள் மப்ளர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவுதான். ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் முதுகில் ஏறிவிடும். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் போகிற சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்புகிற வெள்ளைப் புழுதியைப் பார்த்து வேண்டுமானால், பனி இறங்குகிறது என்று ஒரு கணம் ஏமாறலாம்.

நிஜமான பனி பெய்கிற தேசங்களில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் நவம்பரில் வண்டியைக் கொட்டகையில் நிறுத்திப் போர்த்திவிட்டால், மார்ச்சிலோ ஏப்ரலிலோதான் வெளியே எடுக்கிறார்கள். அத்தனை மாதமும் பாட்டரி சாகாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே அங்கே ஒரு தனி ஜாதிச் சார்ஜர் உண்டு. ஸ்வீடனிலும் பெல்ஜியத்திலும் அமெரிக்காவிலும் அதைச் செய்து விற்பதற்குக் கம்பெனிகளே இருக்கின்றன. பனிக்கரடிக்குக் கம்பளி விற்பதுபோல் அது நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம்.

எங்களுக்கும் ஒரு குளிர்காலம் இருக்கிறது. அதற்கு வளைகுடா என்று பெயர்.

லெப்பைக்குடிக்காடு, வி. களத்தூர் என்று ஆரம்பித்து இந்தப் பிரதேசத்து ஊர்கள் பலவற்றில், துபாயிலோ சவூதியிலோ சிங்கப்பூரிலோ ஒரு பிள்ளை இருக்கிற வீடுகள் ஏராளம். பையன் லீவில் வருகிறான். ஆசைப்பட்ட மோட்டார் சைக்கிளை ரொக்கம் கொடுத்து வாங்குகிறான். முப்பது நாள் ஓட்டுகிறான். பிறகு அது தார்ப்பாய்க்குள் போய்விடுகிறது, பதினொரு மாதத்துக்கு. எந்த ஐரோப்பியக் குளிரும் அவ்வளவு நீளம் இல்லை.

என் பெரியம்மா மகள் ஒருத்தி அப்படி ஒரு வீட்டில் இருக்கிறாள். ஊர், பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில். எந்த ஜில்லா என்று கேட்டால் அக்கா கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள். அவள்மீது தப்பில்லை. 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் ஜில்லா பிரிந்தது. 2001-ல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-ல் மறுபடி சேர்ந்தது. 2007-ல் மறுபடி பிரிந்தது. தனிக்குடித்தனம் போய், வருஷம் திரும்புவதற்குள் மூட்டையோடு வந்து, கொஞ்ச காலம் பொறுத்து மறுபடியும் போன மருமகளைப் போல! அத்தான் காலமாகி ஏழு வருஷமாகிறது. பையன் சார்ஜாவில் இருக்கிறான்.

அவன்தான் போன் செய்தான். “மாமா, போன தடவையும் பாட்டரி செத்துக் கிடந்தது, அதுக்கு முந்தின தடவையும் அப்படித்தான். ரெண்டு வருஷத்துல ரெண்டு பாட்டரி. நல்ல சார்ஜரா ஒண்ணு பார்த்து மாட்டிடுங்களேன். அம்மாகிட்ட சொன்னா வேண்டாம்கிறாங்க.”

வேண்டாம் என்பதற்கு அக்காவிடம் காரணம் இருந்தது. “வெள்ளிக்கிழமை தவறாம பக்கத்து வீட்டுப் பையனை விட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்றேனே தம்பி. அஞ்சு நிமிஷம் ஓடுது. அப்புறம் அது எப்படிச் சாகும்?”

அந்த ஐந்து நிமிஷந்தான் அதைக் கொன்றுகொண்டிருந்தது. இதை அவளிடம் சொல்லுவதா வேண்டாமா என்பது எனக்குச் சார்ஜரைவிடப் பெரிய பிரச்னையாகிவிட்டது.

பாட்டரி விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஈயத் தகடும் கந்தக அமிலமும் சேர்ந்த இந்தச் சாதனத்தை 1859-ல் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தார். மோட்டார் சைக்கிள் பாட்டரிக்குள் ஆறு அறைகள். அறைக்கு இரண்டு வோல்ட்டுக்குச் சற்று அதிகம். நிறைந்த வயிறோடு இருந்தால் மொத்தம் 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டால் கால் வயிறுதான். பட்டினி கிடக்கக் கிடக்கத் தகடுகளின்மேல் லெட் ஸல்பேட் என்ற உப்புப் படிந்து, நாளாக நாளாகக் கெட்டியாகி, அப்புறம் எவ்வளவு மின்சாரம் ஊட்டினாலும் கரைய மறுக்கிறது. பாட்டரிக்கு மரணம் வருகிற வழிகளில் இது முக்கியமான ஒன்று.

குளிர்தான் பாட்டரிக்கு எமன் என்று பொதுவாக நினைக்கிறார்கள். பாதி உண்மை. காலியான பாட்டரி கடுங்குளிரில் உறைந்து வெடிக்கும். நிறைந்த பாட்டரியோ மைனஸ் ஐம்பது டிகிரியில்கூட உறையாது. சும்மா இருக்கும்போது தானாகச் சார்ஜ் இழக்கிற வியாதிக்குக் குளிர் மருந்து, வெயில்தான் விஷம். பத்து டிகிரி உஷ்ணம் ஏறினால் அந்த இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆகவே ஸ்டாக்ஹோமில் தூங்குகிற வண்டியைவிட எங்கள் ஊர்த் தார்ப்பாய்க்குள் தூங்குகிற வண்டிக்கே ஆபத்து அதிகம். போதாக்குறைக்கு இக்காலத்து வண்டிகளில் கடிகாரம், திருட்டு அலாரம் என்று ஏதாவதொன்று இரவும் பகலும் சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கிறது. ஒரே ஒரு மில்லி ஆம்பியர் என்றாலும் மாதத்துக்கு முக்கால் ஆம்பியர்-மணி போய்விடும். சின்ன பாட்டரிக்கு அது பெரிய தொகை.

சரி, வெள்ளிக்கிழமை? ஸ்டார்ட்டர் பட்டனை அமுக்கிய சில விநாடிகளில் பத்துக்கணக்கான ஆம்பியர் ஒரே மூச்சில் வெளியே போகிறது. 2017 முதல் வருகிற வண்டிகளில் என்ஜின் ஓடுகிறவரையில் ஹெட்லைட்டும் எரிந்தாக வேண்டும் என்பது சட்டம். நின்ற இடத்தில் மெதுவாக உறுமுகிற என்ஜினிலிருந்து விளக்குக்குப் போக மிஞ்சுவது சொற்பம். ஐந்து நிமிஷத்தில் அது எடுத்த கடனை அடைக்காது. வாரா வாரம் வட்டியோடு கடன் ஏறுகிறது.

நான் அரியலூரில் ஒரு பாட்டரிக் கடைக்குப் போனேன். நீளமான பலகையில் பத்துப் பன்னிரண்டு பாட்டரிகள் வரிசையாக, ஆஸ்பத்திரி வார்டில் சலைன் ஏற்றிக்கொண்டு படுத்திருப்பதுபோல் கிடந்தன. அமில நெடி மூக்கில் ஏறிற்று. கடைக்காரர் வயதானவர். முதலில் சார்ஜரே வேண்டாம் என்றார். “பத்தாம் நம்பர் ஸ்பானரால நெகட்டிவ் வயரைக் கழட்டி வெச்சிடச் சொல்லுங்க ஸார். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா இங்கே கொண்டாந்தா நான் ஏத்தித் தர்றேன். எதுக்குக் காசைப் போடறீங்க?” சார்ஜரும் விற்கிறவர் இப்படிச் சொன்னது எனக்கு ஆச்சரியமாயிருந்தது. யோசனையும் சரியானதே. ஆனால் வயரைக் கழற்றிவிட்டால் வெள்ளிக்கிழமை கிடையாது. இதை நான் சொன்னதும், அவர் மறு பேச்சுப் பேசாமல் அலமாரியைத் திறந்தார்.

பழைய மாதிரி இரும்புப் பெட்டிச் சார்ஜரை எடுத்த எடுப்பிலேயே தள்ளினோம். கார் பாட்டரிக்கு ஆனது அது. ஐந்தாறு ஆம்பியரை இறைக்கும்; நிறைந்தபின் நிறுத்தத் தெரியாது. சின்ன பாட்டரியின் நீரைக் கொதிக்கவைத்து வற்ற அடித்துவிடும். பாட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஊட்டாதே என்பது பழைய கணக்கு. பையனுடைய வண்டியில் 14 ஆம்பியர்-மணி. ஆகவே 1 ஆம்பியர் சார்ஜர் போதும். அது முதலில் 14.4 வோல்ட் வரை ஏற்றி, நிறைந்ததும் தானே 13.6 பக்கம் இறங்கி, தாய் மடியில் வைத்துக்கொள்வதுபோல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் சித்திரை வெயிலுக்கு அந்த 13.6 கூடக் கொஞ்சம் அதிகம். சுற்றுப்புற உஷ்ணத்தை உணர்ந்து தானே குறைத்துக்கொள்கிற ரகம் உத்தமம். வயரை மாற்றி மாட்டினாலும் புகையாதிருக்க வேண்டும். லித்தியம் பாட்டரி உள்ளவர்கள் இதையெல்லாம் மறந்துவிட்டு, அதற்கென்று செய்த சார்ஜரைத்தான் வாங்க வேண்டும்.

இவ்வளவும் அட்டைப் பெட்டியிலேயே அச்சிட்டிருந்தது. அச்சிடாத ஒன்றைக் கடைக்காரர் சொன்னார். சில சார்ஜர்கள் கரண்ட் போய்த் திரும்பி வந்தால் சும்மா இருக்கும். பட்டனை மறுபடி யாராவது அமுக்க வேண்டும். ஸ்வீடன்காரனுக்கு இதெல்லாம் தோன்றாது. கிராமத்து வீட்டில் வாரத்துக்கு எத்தனை தடவை கரண்ட் போகும் என்று அக்காகூட எண்ணி மாளாது. அவர் கடையிலேயே சுவர் ஸ்விட்சை அணைத்துப் போட்டு, அணைத்துப் போட்டு மூன்று சார்ஜர்களைச் சோதித்தோம். இரண்டு தோற்றன. மூன்றாவதை வாங்கினேன். விலை ஆயிரத்துச் சொச்சந்தான்.

வண்டி நின்றது ரேழியில், விளக்கு மாடத்துக்கு நேர் கீழே. சார்ஜ் ஏறும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியலாம். அதற்கு நெருப்பு ஆகாது. விளக்கை நகர்த்து என்று அக்காவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வண்டியை நகர்த்தித் திண்ணைப் பக்கம் ஜன்னலோரம் நிறுத்தினோம். எலி கடிக்காமலிருக்க வயரை உத்தரத்துக் கொக்கியிலிருந்து தொங்கவிட்டேன்.

“அப்ப இனிமே ஸ்டார்ட் பண்ண வேண்டாமா?” என்று கேட்டாள் அக்கா. கேட்டுவிட்டு, தார்ப்பாயின் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள்.

வேண்டாம் என்பதுதான் சரியான பதில். என்ஜினுக்கும்கூட ஐந்து நிமிஷ ஓட்டம் நல்லதல்ல. சரியாகச் சூடேறாமல் எண்ணெயில் ஈரம் சேரும். ஆனால் அத்தான் போன வீட்டில், வாரத்தில் ஒரு நாள், ஆண்பிள்ளை வந்து நிற்கிறாற்போல் ஒரு சத்தம். வெள்ளிக்கிழமை எடுத்ததைச் சனிக்கிழமைக்குள் இந்தச் சார்ஜர் திருப்பி வைத்துவிடும் என்பது எனக்குத் தெரியும். “பண்ணலாம் அக்கா. ஆனா ஸ்டார்ட் பண்றதுக்கு முந்தி சுவர் ஸ்விட்சை அணைச்சு வயரை எடுக்கணும். அப்புறம் மறக்காம மாட்டணும். அஞ்சு நிமிஷம் போதாது, பையனை அரியலூர் வரைக்கும் ஒரு நடை போய்வரச் சொல்லு” என்றேன்.

“அரியலூர் போயிட்டா இங்கே எப்படிக் கேக்கும்?” என்றாள்.

கடைசியில், போவதற்கு முன் ஐந்து நிமிஷம் வாசலில் என்று ராஜியாயிற்று. போன வெள்ளிக்கிழமை அவளுக்குப் போன் செய்தேன். பின்னால் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. “இரு தம்பி, அவன் கிளம்பட்டும்” என்றாள். அவன் கிளம்பச் சற்று நேரமாயிற்று. அதுவரை இருவரும் பேசவில்லை.