தீபாவளி வரை நாம் கண்ட படங்கள்

திரைப்படம் பார்ப்பது பொழுதுபோக்கு என்பர் சிலர்; பொழுதைப் பாழாக்குவது என்பர் வேறு சிலர். வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்விரண்டினும் வேறான பயன் ஒன்று உண்டு. நம் இல்லங்களில் தமிழ் பேசுவோர் நாலைந்து பேரே. வாசற்படி தாண்டினால் வேற்று மொழி. இந்நிலையில் ஓர் ஊரே கூடிப் பேசும் தமிழை, தஞ்சைப் பேச்சும் மதுரைப் பேச்சும் நெல்லைப் பேச்சுமாக, நம் பிள்ளைகள் காதாரக் கேட்பதற்கு வாய்த்த எளிய வழி திரைப்படமே என்பது நம் தாழ்மையான அபிப்பிராயம்.

நாக்பூரில் ரயில்வேப் பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பணிபுரியும் நாம், படித்தது பத்தாம் வகுப்பு வரையே. திரைக்கலையின் நுணுக்கங்களை ஆராய்ந்து கூறும் புலமை நமக்கில்லை. ஆயினும் பார்த்த படம் ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் பதிந்து வைப்பது நம் வழக்கம். தேதி, உடனிருந்து பார்த்தோர், ஒரு வரி அபிப்பிராயம், அவ்வளவே. அவ்வேடுகளுள் 2024ஆம் ஆண்டினுடையது நம் குடும்பத்தளவில் சிறப்புடையது. அவ்வாண்டு ஜனவரி முதல் அக்டோபர் 31இல் வந்த தீபாவளிக்கு முதல்நாள் வரை நாம் கண்டவை 27 படங்கள். அவற்றுள் ஐந்தை மட்டும் இங்கு நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். தீபாவளியன்று வெளியான ‘அமரன்’ இக்கணக்கில் சேராது.

அவ்வாண்டின் முற்பகுதி தமிழ்த் திரையுலகுக்குச் சோதனைக் காலமாகவே இருந்தது. 2004இல் வெளிவந்த ‘கில்லி’யை ஏப்ரலில் மறுபடியும் திரையிட்டபோது கொட்டகைகள் நிரம்பின என்றால், புதிய படங்களின் நிலையை விளக்க வேண்டுவதில்லை. பிப்ரவரியில் வந்த ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்னும் மலையாளப் படம், கொடைக்கானல் குகையையும் 1991ஆம் ஆண்டின் ‘குணா’ படப் பாட்டையும் கொண்டு தமிழ்நாட்டு ரசிகர்களைக் கவர்ந்தது. ஜூனில் வந்த ‘மகாராஜா’, விஜய் சேதுபதியின் 50ஆவது படம். நித்திலன் சாமிநாதன் அமைத்த கதைப்பின்னல் வியக்கத்தக்கதே. எனினும் சிறுவர்களை அருகில் வைத்துக்கொண்டு காணத்தக்கதன்று. ‘இந்தியன் 2’, ‘தங்கலான்’, ‘வேட்டையன்’ முதலிய பெரும் படங்களையும் பார்த்தோம். அவற்றின் முழக்கம் செவியில் நின்றது. நெஞ்சில் நின்றவை சிறு படங்களே.

ஐந்தாம் இடத்தை ‘கொட்டுக்காளி’க்கு அளிக்கிறோம். ‘கூழாங்கல்’ படத்துக்காக 2021இல் ராட்டர்டாம் விழாவில் புலி விருது பெற்ற பி. எஸ். வினோத்ராஜின் இரண்டாவது படம் இது. 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் காட்டப்பட்டு, ஆகஸ்டு 23இல் வெளிவந்தது. வேறு சாதியானை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்திருப்பதாக எண்ணி, உறவினர் அவளை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டு செல்கின்றனர். கதை இவ்வளவே. பின்னணி இசை அறவே இல்லை. சூரி கோபத்தால் கொதிக்கிறார். அன்னா பென் பெரும்பாலும் மௌனமாகவே அமர்ந்திருக்கிறார். நம் அன்னையார், “படம் முடிந்துவிட்டதா, இனிமேல்தான் உண்டா?” என்று கேட்டார். நம் இல்லாளோ, “எல்லாரும் கத்துகிறார்கள், அவள் ஒருத்தி பேசவில்லை, கடைசியில் அவள் குரல்தான் எனக்குக் கேட்டது” என்றாள். இதனினும் சிறந்த விமரிசனம் நமக்கு எழுத வராது.

நான்காவது ‘லப்பர் பந்து’. தமிழரசன் பச்சமுத்துவின் முதற்படம். செப்டம்பர் 20இல் வந்தது. ரப்பர் பந்துக் கிரிக்கெட்டில் பெயர்பெற்ற நடுத்தர வயதினரான கெத்துவுக்கும், இளைஞன் அன்புக்கும் நேரும் பகை. அப்பகைவரின் மகளையே அன்பு காதலிப்பது. சாதியின் காரணமாக அன்புக்கு ஊர்க் குழுவில் இடம் மறுக்கப்படுவது. இவற்றை நகைச்சுவை குன்றாமல் சொல்லியிருக்கின்றனர். ஆட்டக்கத்தி தினேஷும் ஹரிஷ் கல்யாணும் நடித்த இடங்களினும், கெத்துவின் மனைவியாக வரும் சுவாசிகா தோன்றும் இடங்களில் நம் வீட்டில் கரவொலி மிகுதி. 2023 டிசம்பரில் மறைந்த விஜயகாந்தின் பழம் பாட்டு ஒலித்தபோது நமக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் ரயில்வேக் குடியிருப்பிலும் மாலைதோறும் ரப்பர் பந்து பறக்கும். படம் பார்த்த மறுநாள் நம் மகன், வயது பத்து, அங்கு சென்று தமிழில் ‘கெத்து’ என்று கூவினானாம். மராத்திச் சிறுவர்களும் அச்சொல்லைப் பிடித்துக்கொண்டனர்.

மூன்றாவது ‘வாழை’. மாரி செல்வராஜ் தம் இளமை வாழ்வினின்று எடுத்த கதை. பள்ளி விடுமுறை நாட்களில் வாழைத்தார் சுமக்கச் செல்லும் சிவனணைந்தான் என்னும் சிறுவன், அவன் நேசிக்கும் ஆசிரியை, தாருக்கு ஒரு ரூபாய் கூலி கூட்டிக் கேட்கும் தொழிலாளர், இறுதியில் நேரும் விபத்து. நம் மகாராஷ்டிரத்தின் ஜல்காவ் மாவட்டம் வாழைக்குப் பெயர்போனது. சாவ்தா, ராவேர் நிலையங்களிலிருந்து தில்லிக்கு வண்டி வண்டியாக வாழை செல்லும். பார்சல் குமாஸ்தாவின் கண்ணுக்கு அச்சரக்கு எண்ணிக்கையும் எடையுமே. அதைத் தூக்கிய தோளொன்று உண்டு என்பதைப் பேரேட்டில் எழுத இடமில்லை. இப்படம் அவ்விடத்தை நிரப்பிற்று. படத்தின் பிற்பகுதியில் நம் மகன் எழுந்து சென்று அன்னையாரின் மடியில் தலைவைத்துக்கொண்டான்.

இரண்டாவது, தமிழ்ப் படமன்று. கிரண் ராவின் ‘லாபதா லேடீஸ்’ என்னும் இந்திப் படம். மார்ச் 1இல் வெளிவந்து, செப்டம்பரில் ஆஸ்கார் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டது. கதை நிகழும் ஆண்டு 2001. கைப்பேசி பரவாத காலம். முகூர்த்த நாளில் ஒரே பெட்டியில் ஒரே நிறச் சேலையும் முக்காடுமாக மணப்பெண்கள் பலர். நள்ளிரவில் இறங்கும் மாப்பிள்ளை, தன் மனைவியென எண்ணி மற்றொருத்தியை அழைத்துச் சென்றுவிடுகிறான். தனித்து விடப்பட்ட பூல் என்னும் பெண்ணுக்குக் கணவனின் ஊர்ப் பெயர் சரியாகத் தெரியவில்லை. கணவன் பெயரை வாயால் சொல்லவும் கூசுகிறாள். ரயில் நிலையமே அவளுக்குப் புகலாகிறது. தேநீர்க் கடை மஞ்சு மாயி அவளை ஆதரிக்கிறாள். பூல் கலாகந்து செய்து முதன்முதலாகத் தன் கையால் பொருள் ஈட்டுகிறாள். மாறிச்சென்ற மற்றொருத்தி ஜயாவோ, விவசாயக் கல்வி பயில வேண்டும் என்னும் வேட்கையுடையவள்.

நம் அலுவலகத்தில் முகவரி அழிந்த பொதிகள் வருவதுண்டு. ஊரும் பேரும் தெரியாத பொதியை எவரும் களவாடுவதில்லை, எவரும் கேட்பதுமில்லை. குறித்த காலம் கழிந்தபின் அது ஏலத்துக்குப் போகும். பூல் நடைமேடையில் அமர்ந்திருந்த காட்சியில் நமக்கு அப்பொதிகளே நினைவுக்கு வந்தன.

அன்றிரவு சாப்பிடும்போது நம் இல்லாள் விளையாட்டாக, “நீ தொலைந்துபோனால் உன் ஊர் எதுவென்று சொல்வாய்?” என்று மகனைக் கேட்டாள். “அஜ்னி” என்றான் அவன் தயங்காமல். அஜ்னி, நாக்பூரில் நாம் வாழும் ரயில்வேக் குடியிருப்புள்ள பகுதி. அன்னையார் உடனே, “அது குவார்ட்டர்ஸ்டா கண்ணு. நம் ஊர் வடுவூர்” என்றார். மகன் சற்று யோசித்து, “நான் பார்த்ததே இல்லையே, அப்பாயி. பார்க்காத ஊர் எப்படி நம் ஊராகும்?” என்றான். அதற்கு நம் மூவரிடத்தும் விடையில்லை.

வடுவூர், தஞ்சையிலிருந்து மன்னார்குடி செல்லும் சாலையில் உள்ளது. நம் தந்தையார் அங்கிருந்து ரயில்வே வேலைக்காக நாக்பூர் வந்தவர். 2009இல் பணியிலிருக்கையிலேயே காலமானார். அதன் பயனாகவே நமக்கு வேலை கிடைத்தது. ஊரிலிருந்த வீடு அதற்கு முன்பே பாகப்பிரிவினையில் கைமாறிவிட்டது. ஆண்டுதோறும் நமக்கு இலவசப் பிரயாணப் பாஸ் உண்டு. சென்று இறங்க வீடு இல்லை.

முதலிடம் ‘மெய்யழகன்’ படத்துக்கே. சி. பிரேம்குமார் இயற்றியது, செப்டம்பர் 27இல் வெளிவந்தது. நீளம் மிகுதி என்று சிலர் குறைகூற, சில நாட்களில் சுமார் 18 நிமிடக் காட்சிகள் கத்தரிக்கப்பட்டன. அக்டோபர் 25 முதல் நெட்பிளிக்சில் வந்ததால், தீபாவளிக்கு முன்னரே வீட்டிலிருந்தபடி நால்வரும் கண்டோம். சொத்துத் தகராற்றால் 1996இல் தஞ்சை வீட்டை இழந்து சென்னை சென்ற அருள்மொழி, 22 ஆண்டுகளுக்குப் பின் நீடாமங்கலத்தில் ஒரு திருமணத்துக்கு வருகிறார். அங்கே ஓர் உறவினன் அவரை ‘அத்தான்’ என்றழைத்து, விட்டுப் பிரியாமல் உபசரிக்கிறான். அவன் யாரென்று அருள்மொழிக்கு நினைவில்லை, கேட்கவும் நாணம். அரவிந்த்சாமியும் கார்த்தியும் இதனை நடித்தனர் என்று சொல்வது குறைவாகும். அருள்மொழி விட்டுச்சென்ற பழைய மிதிவண்டி அவ்வெளிய குடும்பத்தின் வாழ்வையே உயர்த்தியது என்று தெரியவரும் இடம், அவ்வாண்டில் நாம் கண்ட காட்சிகளுள் தலையாயது.

நீடாமங்கலம் என்ற பெயர் காதில் விழுந்ததும் அன்னையார் நிமிர்ந்து உட்கார்ந்தார். படம் முடியும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. மறுநாட்காலை காப்பித் தம்ளரை நம்மிடம் நீட்டியபடி, “பொங்கலுக்குப் பாஸ் எழுதிக் கொடுக்கிறாயா, தம்பி?” என்றார். “யார் வீட்டுக்கு அம்மா போவது?” என்றோம். “யார் வீட்டுக்கும் வேண்டாம். ஊருக்குப் போவோம்” என்றார்.

2025ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு நால்வரும் சென்றோம். சென்னையிலிருந்து மன்னை விரைவு வண்டி. வழியில் மகனுக்கு ஒரு செய்தி சொன்னோம்: வடுவூர் துரைசாமி ஐயங்கார் எழுதிய ‘மேனகா’ நாவல் 1935இலேயே திரைப்படமாயிற்று, அவருடைய ‘திகம்பர சாமியார்’ 1950இல் படமாயிற்று. “அப்படியானால் நம் ஊர் சினிமா ஊர்” என்று அவன் குதூகலித்தான்.

எங்கள் பழைய வீடு இருந்த இடத்தில் சிமெண்டு வீடொன்று நின்றது. அவ்வீட்டு அம்மையார் முன்பின் அறியாத எங்களை உள்ளே அழைத்துப் பொங்கல் பரிமாறினார். அன்னையார் கொல்லைப்புறக் கிணற்றை மட்டும் காண விரும்பினார். அது பலகைக் கல்லால் மூடப்பட்டிருந்தது. அக்கல்லின்மேல் சிறிது நேரம் உள்ளங்கையை வைத்திருந்தார், அழவில்லை. பின்னர் எல்லாருமாக ஏரிக்கரைக்குச் சென்றோம். வடுவூர் ஏரி பறவைகளின் சரணாலயம். தை மாதம் அவை நிறைந்திருக்கும் காலம். மகன் எண்ணத் தொடங்கி, நூற்றுக்குமேல் கணக்குத் தவறி, மறுபடியும் எண்ணினான்.

கரைமேல் வந்த முதியவர் ஒருவர் அவனை நிறுத்தி, “யார் வீட்டுப் பிள்ளை?” என்றார். அவன் நம்மைத் திரும்பிப் பாராமல், தன் பாட்டனாரின் பெயரைத் தெளிந்த தமிழில் சொன்னான். முதியவர் அன்னையாரைப் பார்த்து, “அட, ரயில்வேக்காரர் வீட்டு அம்மாவா!” என்று கைகூப்பினார். தந்தையாரோடு அவ்வேரியில் நீந்தியவராம். ‘மெய்யழகன்’ கற்பித்த பாடத்தால், நாம் தாமதியாமல் அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டோம்.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் சங்கத்தில் மாதம் ஒரு படமேனும், உரியோரிடம் அனுமதி பெற்றுத் திரையிட ஏற்பாடு செய்தல் நலம். படம் எதுவாயினும், முடிந்ததும் அரைமணி நேரம் பெரியோர்கள் தத்தம் ஊரைப்பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். முதன்முதலாக ‘மெய்யழகன்’ படத்தைத் திரையிடலாம் என்பது நம் விருப்பம். நாற்காலிகளை ஒழுங்குசெய்யும் பணியை நாம் ஏற்கிறோம். முதல் வரிசை பாட்டிமார்க்கும் பேரப்பிள்ளைகளுக்கும். நம்மைப் போன்ற நடுவயதினர் பின்னால் நின்று பார்க்கலாம்.